எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைப் பெருந்தொற்றில் நிறுத்தலாமா? குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து கிடைத்த கணக்கு

புதிய வைரஸ் அலை என்று செய்தி வந்ததுமே, குடல் அழற்சி நோய்க்கு மருந்து எடுப்பவர்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு நிறுத்திவிடலாமா?" 2020 மார்ச்சில் கோவிட் பரவத் தொடங்கியபோது உலகம் முழுக்க நோயாளிகள் இதைத்தான் கேட்டார்கள். யாரையும் கேட்காமல் தாமாகவே நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அப்போது மருத்துவர்களிடமும் உறுதியான விடை இல்லை. இன்று இருக்கிறது. அது பலர் நினைப்பதற்கு நேர் மாறானது என்பதால், அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

## எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

குடல் அழற்சி நோய் என்பது முக்கியமாக இரண்டு நோய்களைக் குறிக்கும் பொதுப்பெயர்.

1. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்பரப்பு சிவந்து, புண்ணாகி, ரத்தமும் சளியும் கலந்த மலம் போகும்.

2. கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் அழற்சி இறங்குவதால் குடல் சுருங்குவதும், பவுத்திரம் போன்ற துளைகள் விழுவதும் உண்டு.

இரண்டும் வாழ்நாள் நோய்கள். சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும். பிறகு திடீரெனக் கிளர்ந்தெழும். 2017ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 68 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. இது மேலை நாட்டு நோய் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 2003இல் வெளியான லூதியானா ஆய்வு, அங்கே லட்சத்துக்கு 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் காட்டியது. நம் ஊரில் ரத்தம் போனால் முதலில் "மூலம்" என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். அதனாலேயே நோய் தெரியவருவதற்கு ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய் வேறு, ஐபிடி எனப்படும் இந்தக் குடல் அழற்சி நோய் வேறு. முன்னது குடலின் இயக்கமும் உணர்வும் தடுமாறும் நிலை. அதில் புண்ணோ அழற்சியோ இருக்காது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தேவைப்படாது. இந்தக் கட்டுரை பின்னதைப் பற்றியது.

## "எதிர்ப்பு சக்தி" என்ற சொல் செய்த குழப்பம்

2020இல் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் வீதிவீதியாக விநியோகிக்கப்பட்டது. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்" என்ற பேச்சு எல்லாப் பக்கமும் ஒலித்தது. எதிர்ப்பு சக்தி என்பது ஒரு தொட்டித் தண்ணீர், அது நிரம்பியிருந்தால் நல்லது, குறைந்தால் ஆபத்து என்பது போன்ற ஒரு படம் மக்கள் மனத்தில் பதிந்தது. குடல் அழற்சி நோயாளிக்கு இந்தப் படம் இரண்டு வகையில் தவறு.

முதலாவது, இவர்களுடைய சிக்கலே குடலின் எதிர்ப்பாற்றல் அடங்க மறுப்பதுதான். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆரோக்கியமான உடல் அவற்றோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு வாழ்கிறது. இந்த நோயில் அந்த ஒப்பந்தம் முறிகிறது. பகைவன் இல்லாத இடத்தில் போர் நடக்கிறது. அடிபடுவது சொந்தக் குடல் சுவர். இந்த நிலையில் "சக்தியைக் கூட்ட வேண்டும்" என்பது எரியும் அடுப்பில் விறகு சேர்க்கச் சொல்வது போன்ற அறிவுரை.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல் ஒரே பொருள் இல்லை. வைரஸ் நுழைந்த சில மணி நேரத்தில் எச்சரிக்கை எழுப்பும் இன்டர்ஃபெரான்கள், நாள்கணக்கில் உருவாகும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடி), தொற்றிய செல்லையே அழிக்கும் டி செல்கள், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்கள் என்று அதற்குப் பல பிரிவுகள் உண்டு. குடல் அழற்சி மருந்து ஒவ்வொன்றும் வேறு வேறு பிரிவைத் தொடுகிறது. எல்லாவற்றையும் "எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை" என்ற ஒரே மூட்டையில் கட்டியதுதான் 2020இன் பெரும் குழப்பம்.

## வைரஸுக்குக் குடலில் என்ன வேலை?

கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு ஏசிஇ2 என்ற ஏற்பி. அந்த ஏற்பி நுரையீரலைவிடச் சிறுகுடலின் உட்பரப்பில் மிகுதி. கோவிட் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதும், மலத்தில் வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டதும் இதனால்தான். நகரங்களின் சாக்கடை நீரைச் சோதித்தே அலை வருவதை முன்கூட்டி அறிய முடிந்ததும் இதனால்தான்.

கதவுகள் நிறைந்த குடல், அதுவும் ஏற்கெனவே புண்பட்ட குடல், அதோடு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் அச்சம் வரும். பிரிட்டனில் இந்த நோயாளிகளை மூன்று தட்டுகளாகப் பிரித்து, மிக அதிக ஆபத்துள்ளவர்கள் வீட்டைவிட்டு வெளியேறவே வேண்டாம் என்று கடிதம் அனுப்பினார்கள். அன்றைய அறிவுக்கு அது சரியான முன்னெச்சரிக்கை.

## அச்சத்தைக் கணக்கு சோதித்தது

முதல் ஆறுதல் இத்தாலியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் கோவிட் முதலில் சூறையாடிய ஊர்களில் ஒன்று பெர்காமோ. அங்குள்ள மருத்துவமனை ஒன்று தன் கண்காணிப்பில் இருந்த 522 குடல் அழற்சி நோயாளிகளை 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கவனித்தது. அந்த வாரங்களில் அவர்களில் ஒருவருக்குக்கூட கோவிட் உறுதியாகவில்லை. இது சிறிய எண்ணிக்கை. அவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக வீட்டுக்குள் இருந்திருக்கவும் கூடும். ஆனாலும் "இவர்கள்தான் முதலில் விழுவார்கள்" என்ற கணிப்பு பொய்த்தது.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. வட கரோலினா பல்கலைக்கழகத்தையும் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையையும் சேர்ந்த மருத்துவர்கள் 2020 மார்ச்சில் செக்யூர் ஐபிடி என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். உலகின் எந்த மூலையில் குடல் அழற்சி நோயாளிக்குக் கோவிட் வந்தாலும், அவருடைய மருத்துவர், நோயாளியின் பெயரைக் குறிப்பிடாமல், விவரத்தை அதில் பதியலாம். வயது என்ன, எந்த மருந்து எடுக்கிறார், நோய் அடங்கியிருந்ததா, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேள்விகள் எளிமையானவை. சில வாரங்களிலேயே 33 நாடுகளிலிருந்து 525 பேரின் விவரம் சேர்ந்தது. அவர்களில் 31 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 3 சதவீதம் பேர் இறந்தார்கள். தீவிர சிகிச்சை, செயற்கை சுவாசம், மரணம் இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 7 சதவீதம்.

இந்தச் சதவீதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று பரிசோதனை கிடைத்ததே பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்குத்தான். லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் பதிவேட்டுக்கு வரவேயில்லை. எனவே உண்மையான ஆபத்து இதைவிடக் குறைவு. பதிவேட்டின் உண்மையான மதிப்பு, அதற்குள்ளேயே ஒருவரை மற்றவரோடு ஒப்பிட முடிந்ததில் இருக்கிறது. ஒரே நோய், ஒரே வைரஸ், வேறு வேறு மருந்துகள். யார் தப்பித்தார்கள், யார் சிக்கினார்கள்?

## மருந்து வாரியாகப் பார்த்தால்

1. டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவை இந்த வகை. எல்லோரும் மிகவும் அஞ்சியது இவற்றைத்தான். வயதையும் துணை நோய்களையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோது, இவற்றால் கடுமையான கோவிட் கூடவில்லை. கோவிட் முற்றும்போது உடலைச் சிதைப்பது பெரும்பாலும் கட்டுக்கடங்காத அழற்சிதான். அதன் முன்னணிச் சமிக்ஞைகளில் டிஎன்எஃப் ஒன்று. அதனால்தான் கடுமையான கோவிட் நோயாளிகளுக்கே இன்ஃப்ளிக்சிமாபைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்தன.

2. வெடோலிசுமாப். குடலை நோக்கி வரும் வெள்ளணுக்களை மட்டும் வழிமறிக்கும் ஊசி. நுரையீரலின் காவலில் இது தலையிடுவதில்லை.

3. அசாதயோபிரின். இந்தியாவில் மிகப் பரவலாக எழுதப்படும் மாத்திரை, விலையும் குறைவு. அதே பதிவேட்டில் 47 நாடுகளின் 1,439 பேரைக் கொண்டு 2021இல் வெளியான இரண்டாவது கணக்கு, டிஎன்எஃப் ஊசி மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், அசாதயோபிரின் வகை எடுத்தவர்களுக்குக் கடுமையான கோவிட்டின் வாய்ப்பு விகிதம் சுமார் 4 மடங்கு இருந்ததாகக் காட்டியது. ஊசியோடு இந்த மாத்திரையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு. வைரஸை எதிர்க்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை இது குறைக்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி.

4. மெசலமைன், சல்ஃபாசலசின். இவை எதிர்ப்பாற்றலை அடக்குபவையே அல்ல. ஆனாலும் முதல் கணக்கில் இவற்றை எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்து பலரைக் கலங்கடித்தது. இரண்டாவது கணக்கில் அந்தத் தொடர்பு தேய்ந்தது. பதிவு முறையில் இருந்த சாய்வைச் சரிசெய்தபோது அது நிலைக்கவில்லை. முதல் ஆய்வின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மெசலமைனை நிறுத்தியவர்கள் வீணாகத் துன்பப்பட்டிருப்பார்கள்.

5. ஸ்டீராய்டு. ப்ரெட்னிசோலோன் போன்று உடல் முழுக்கப் பரவும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கடுமையான கோவிட்டின் வாய்ப்பு விகிதம், முதல் கணக்கில் சுமார் 7 மடங்கு.

வயது மூப்பும், சர்க்கரை, இதய நோய் போன்ற துணை நோய்கள் இரண்டோ அதற்கு மேலோ இருப்பதும் எல்லோருக்கும் போலவே இவர்களுக்கும் ஆபத்தைக் கூட்டின. ஆக, விலையுயர்ந்த, பெயரே அச்சமூட்டும் ஊசி பெரும்பாலும் பாதுகாப்பாக இருந்தது. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், நோயாளிகள் தாங்களாகவே மறுபடி மறுபடி வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுதான் பட்டியலின் உச்சியில் நின்றது.

## அதே ஸ்டீராய்டு உயிரைக் காத்ததே?

இந்த இடத்தில் வாசகருக்கு நியாயமான ஐயம் எழும். கோவிட்டுக்கு ஸ்டீராய்டுதானே கொடுத்தார்கள்?

ஆம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று அறிவித்தது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே 26.2இலிருந்து 23.3. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடையே நிலைமை வேறு. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேர் இறந்தார்கள். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 17.8 சதவீதம். அவர்களுக்கு மருந்தால் பயன் இல்லை, தீங்காகவும் இருந்திருக்கலாம்.

டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் என்பது ப்ரெட்னிசோலோன் 40 மில்லிகிராமுக்குச் சமம். குடல் அழற்சி கிளர்ந்தெழும்போது மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. ஒரே வீரியம், ஒரே வகை மருந்து. வேறுபட்டது, தொற்றின் எந்தக் கட்டத்தில் அது உடலில் இருந்தது என்பது மட்டும்.

கோவிட்டை இரண்டு கட்டமாகப் பார்த்தால் இது விளங்கும். முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. அப்போது தேவைப்படுவது விழிப்பான காவல். அந்த நேரத்தில் உடலில் ஏற்கெனவே ஸ்டீராய்டு இருந்தால் காவலாளி உறங்குகிறார், வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. இரண்டாம் வாரத்தில் சிலருக்குக் காவலே வெறிபிடித்து நுரையீரலைத் தாக்குகிறது. அப்போது அதே ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்தாகிறது. குடல் நோய்க்காக ஏற்கெனவே ஸ்டீராய்டில் இருந்தவர்கள் முதல் வாரத்தையே அடக்கப்பட்ட உடலோடு எதிர்கொண்டார்கள்.

கணக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்டீராய்டில் இருப்பவர் என்றாலே அவருடைய குடல் நோய் அடங்காமல் இருக்கிறது என்று பொருள். சத்துக் குறைவு, ரத்தசோகை, கிளர்ந்த அழற்சி எல்லாம் சேர்ந்திருக்கும். ஏழு மடங்கில் மருந்தின் பங்கு எவ்வளவு, அடங்காத நோயின் பங்கு எவ்வளவு என்று முழுவதும் பிரித்துவிட முடியாது. ஆனால் நோயாளி செய்ய வேண்டியது இரண்டிலும் ஒன்றே: ஸ்டீராய்டு தேவைப்படாத அளவுக்கு நோயை அடக்கி வைப்பது.

2021இன் இரண்டாம் அலையில் இந்தியா இதை வேறொரு வடிவில் கண்டது. கட்டுப்பாடற்ற ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் கரும்பூஞ்சை நோய் பெருகியது.

## மருந்தை நிறுத்தினால் நடக்கும் சங்கிலி

பெருந்தொற்றுக் காலத்தில் குடல் அழற்சி நோயாளிக்கு நேரும் மிகப் பெரிய தீங்கு, பெரும்பாலும் வைரஸால் அல்ல, மருந்து அறுபடுவதால் வருகிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நிறுத்திய மறுநாளே எதிர்ப்பாற்றல் திரும்பிவிடாது. இன்ஃப்ளிக்சிமாபின் தாக்கம் உடலில் வாரக்கணக்கில் இருக்கும், அசாதயோபிரினும் அப்படியே. இன்றைய அச்சத்துக்கு இன்று நிறுத்துவதால் இன்று பயன் எதுவும் கிடைப்பதில்லை.

2. நோய் மீண்டும் கிளரும். சிலருக்கு ஒரு மாதத்தில், சிலருக்கு ஆறு மாதத்தில்.

3. கிளர்ந்தால் அடுத்த மருந்து ஸ்டீராய்டு. பட்டியலின் உச்சியில் நின்ற அதே ஆபத்தை நோயாளி தன் கையாலேயே வரவழைத்துக்கொள்கிறார்.

4. ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் மருத்துவமனைச் சேர்க்கை, சிலருக்குக் குடலை அகற்றும் அவசர அறுவை சிகிச்சை. தொற்று அலையின் உச்சத்தில், படுக்கை கிடைக்காத நாட்களில்.

5. இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும்போது ஊசி பழையபடி வேலை செய்யாமல் போகலாம். இன்ஃப்ளிக்சிமாப் உயிரியல் முறையில் தயாரிக்கப்படும் புரதம். அது தொடர்ந்து உடலில் இருந்தால் உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். நடுவில் மறைந்து திரும்ப வந்தால், அதை அந்நியன் என்று கருதி எதிர்ப்பான் உருவாக்கும் வாய்ப்பு கூடுகிறது. விளைவு, மருந்து பயனற்றுப் போவது அல்லது ஊசி ஏறும்போதே ஒவ்வாமை. கைவசம் இருக்கும் மருந்துகளே சிலவாக இருக்கும் நோயில், வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை இழப்பது எளிய இழப்பல்ல.

6. ஸ்டீராய்டை மட்டும் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விரும்பி நிறுத்தாதவர்களுக்கும் மருந்து அறுபட்டது. 2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியபோது, ஊசிக்காக மாவட்டத்திலிருந்து பெருநகரத்துக்குப் பயணம் செய்தவர்களுக்குப் பஸ் இல்லை, ரயில் இல்லை. அதே மார்ச் 25இல் இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளியானது ஒரு பெரிய உதவி. தொலைபேசியிலேயே மருந்தின் அளவை மாற்றி எழுத மருத்துவருக்கு வழி கிடைத்தது. ஆனால் கொலனோஸ்கோபியைத் தொலைபேசியில் செய்ய முடியாதே. அவசரமற்றவை எல்லாம் உலகெங்கும் தள்ளிவைக்கப்பட்டன. அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது கால்ப்ரொடெக்டின் என்ற மலப் பரிசோதனை. குடலில் வெள்ளணுக்கள் குவிந்திருந்தால் மலத்தில் இந்தப் புரதம் கூடும். குழாயை உள்ளே விடாமலே அழற்சியின் அளவை ஊகிக்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு இரட்டையர் போல இருக்கும். டிஎன்எஃப் ஊசி உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடவும் கூடும். ஆகவே ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவுகள் 2020இல் 18 லட்சமாகச் சரிந்தன. நோய் குறையவில்லை, கண்டறிதல் குறைந்தது. ஊசி தொடங்கவிருந்த கிரோன் நோயாளிகளும் இதே தாமதத்தில் மாட்டினார்கள்.

## வயிற்றுப்போக்கு: கிளர்ச்சியா, கோவிட்டா?

மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் அவசரம், பழைய கிளர்ச்சியின் அதே சாயல் ஆகியவை குடல் நோயைச் சுட்டும். காய்ச்சல், இருமல், மணம் தெரியாமை, வீட்டில் வேறொருவருக்கும் உடல்நலக் குறைவு ஆகியவை வைரஸைச் சுட்டும். கால்ப்ரொடெக்டின் கோவிட்டிலும் உயரக்கூடும் என்பதால் அது மட்டும் போதாது. வைரஸ் பரிசோதனை முடியும் முன் ஸ்டீராய்டு தொடங்குவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரும் பிழை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்; ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளறக்கூடியவை.

## தடுப்பூசி வேலை செய்ததா?

ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் முதல் பெரிய ஆய்வுகளில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. எனவே இவர்களுக்குத் தனியாகத்தான் விடை தேட வேண்டியிருந்தது. அதைச் சிறப்பாகச் செய்தது பிரிட்டனின் கிளாரிட்டி ஐபிடி ஆய்வு. 92 மருத்துவமனைகளில் 6,935 பேர். இன்ஃப்ளிக்சிமாப் எடுப்பவர்களை வெடோலிசுமாப் எடுப்பவர்களோடு ஒப்பிட்டது. இருவருக்கும் நோய் ஒன்று, ஊசிக்காக மருத்துவமனைக்கு வரும் பழக்கமும் ஒன்று. மருந்து மட்டும் வேறு.

2020 இறுதியில் ரத்தத்தில் கோவிட் எதிர்ப்பான் இருந்தவர்கள் இன்ஃப்ளிக்சிமாப் பிரிவில் 3.4 சதவீதம், வெடோலிசுமாப் பிரிவில் 6 சதவீதம். முதல் பிரிவுக்குத் தொற்றே குறைவு என்று மகிழ முடியாது. தொற்று உறுதியானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வெடோலிசுமாப் பிரிவில் 83 சதவீதம் பேர் எதிர்ப்பான் உருவாக்கியிருந்தார்கள். இன்ஃப்ளிக்சிமாப் பிரிவில் 48 சதவீதமே. தொற்று வந்து போயும் பாதிப் பேரின் உடல் அதைப் பதிவு செய்யவில்லை.

தடுப்பூசியிலும் அதே கதை. ஒரு தவணைக்குப் பிறகு இன்ஃப்ளிக்சிமாப் எடுப்பவர்களின் எதிர்ப்பான் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டாவது தவணை நிலைமையை உயர்த்தியது. டி செல்களின் பதில் பெரும்பாலும் தப்பியது. கடுமையான நோயிலிருந்து காக்கும் பொறுப்பில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே இவர்கள் மற்றவர்களைவிடத் தடுப்பூசித் தவணைகளில் கவனமாக இருக்க வேண்டியவர்கள். 2021இல் அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களுக்கு மூன்றாவது தவணையை முன்கூட்டியே தந்ததற்கு அடிப்படை இந்த வகைச் சான்றுகள்தாம்.

பாதுகாப்பு குறித்து ஒரு விளக்கம். இவர்களுக்கு ஆகாதவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தித் தயாரிக்கும் தடுப்பூசிகள்: தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்றவை. இந்தியாவில் பரவலாகப் போடப்பட்ட கோவிஷீல்டு, பெருக முடியாதபடி மாற்றப்பட்ட வைரஸைக் கொண்டது. கோவாக்சின், கொல்லப்பட்ட வைரஸைக் கொண்டது. இரண்டும் இந்தத் தடைப் பட்டியலில் வராதவை. ஃப்ளூ தடுப்பூசியிலும் ஊசியாகப் போடும் கொல்லப்பட்ட வகையைப் போட்டுக்கொள்ளலாம். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகை கூடாது.

## குடலில் தங்கிய தடயம்

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. லேசான கோவிட் வந்து சராசரியாக ஏழு மாதம் கழிந்த 46 குடல் அழற்சி நோயாளிகளின் குடலிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். 32 பேரின் குடலில் வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டோரின் திசுவில் வைரஸ் புரதமும் இருந்தது. அந்தத் துணுக்குகளிலிருந்து உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. எனவே இவர்கள் பிறருக்குப் பரப்புபவர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் புரதம் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் நீடித்த களைப்பு போன்ற தொல்லைகளைச் சொன்னார்கள்; தங்காதவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. நீள்கோவிட் பற்றிய ஆராய்ச்சி குடலை நோக்கித் திரும்பியதில் இந்த 46 பேருக்கும் பங்குண்டு.

## தொற்று உறுதியாகிவிட்டால்

தொற்று வராதபோது எதையும் நிறுத்த வேண்டாம் என்பது போலவே, வந்தபின் சிலவற்றைச் சில நாள் தள்ளிவைக்க வேண்டும் என்பதும் உண்மை. கீழே உள்ளவற்றில் முதல் நான்கும் அமெரிக்க இரைப்பை குடல் சங்கம் 2020 ஏப்ரலில் வகுத்த வழிமுறையின் சாரம். முடிவை எடுக்க வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர்.

1. மெசலமைன் தொடரும்.

2. எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோபிரின், மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிடினிப் ஆகியவை தற்காலிகமாக நிறுத்தப்படும்.

3. இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போன்ற உயிரியல் ஊசியின் அடுத்த நாள் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

4. ப்ரெட்னிசோலோன் நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குறைக்க முடியுமா, குடலில் மட்டும் வேலை செய்யும் பியூடசோனைடுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கப்படும்.

5. மருத்துவமனையில் சேர நேர்ந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியை மறுக்கக் கூடாது. கிளர்ந்த குடல் அழற்சியும் கோவிட்டும் தனித்தனியாகவே ரத்தக் கட்டிகளை உண்டாக்கக்கூடியவை. மலத்தில் ரத்தம் போகிறதே, இந்த ஊசி எதற்கு என்று குடும்பத்தார் பதறுவது இயல்பு. ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் கட்டி அதைவிடப் பெரிய ஆபத்து.

6. கோவிட் வைரஸைத் தடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரை தரப்பட்டால், எடுக்கும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதில் உள்ள ரிடோனவீர் பல மருந்துகளின் சிதைவைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். பியூடசோனைடு, டோஃபாசிடினிப், உபடாசிடினிப், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

காய்ச்சலும் இருமலும் தீர்ந்தபின் நிறுத்திய மருந்தை மறுபடி தொடங்க வேண்டும். பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உடம்பு தேறிவிட்டது, குடலும் அமைதியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு வாரம் இரண்டு மாதமாகிவிடுகிறது. மேலே சொன்ன சங்கிலி அங்கேயே தொடங்கிவிடும். ஆகவே மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாளிலேயே, எந்த நாளில் எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதையும் அதே மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.